கதை இன்பமும் பருவமும்

நாவல் வாசிப்பு ஓர் இன்பம். அதற்குக் கூலி கிடையாது, புண்ணியக் கணக்கும் கிடையாது. வாசித்து முடித்தவரிடம் மிஞ்சுவது ஒரு நினைவும், “இதை நீங்களும் படியுங்கள்” என்று யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்ற தவிப்பும்தான். சமயங்களும் தத்துவமும் நெடுங்காலம் வாதிட்ட இரண்டு கேள்விகள் இந்தச் சிறிய செயலுக்குள் இருக்கின்றன. பிறவியின் காலம் குறுகியது என்று நம்புகிறவர், உலகில் இல்லாத மனிதர்களின் துன்பத்துக்காக நாட்களைச் செலவிடலாமா? ஒருவர் அடைந்த இன்பம், மற்றவர் அதே புத்தகத்தைக் கையில் எடுப்பதற்குப் போதிய காரணம் ஆகுமா?

முதல் கேள்விக்குக் கூடாது என்று பதில் சொன்னவர்கள் பலர். பௌத்த நூலான தீக நிகாயத்தின் முதல் சூத்திரமான பிரம்மஜால சுத்தம், துறவி விலக்க வேண்டிய பொழுதுபோக்குகளை நீளமாக அடுக்குகிறது. கூத்து, பாட்டு, பலகை விளையாட்டு, யானைச் சண்டை ஆகியவற்றோடு கதை சொல்லலும் அதில் இடம்பெறுகிறது. தம்முடைய இலட்சிய அரசில் கவிஞர்களுக்கு இடமில்லை என்றார் பிளேட்டோ. தம்மோடு தாம் தனித்திருக்க அஞ்சியே மனிதர்கள் பொழுதுபோக்கைத் தேடுகிறார்கள் என்பது 17ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சுச் சிந்தனையாளர் பாஸ்கலின் முடிவு.

இவர்கள் எல்லோரையும்விட ஆழமாகக் குத்துவது புனித அகுஸ்தீனின் குற்றச்சாட்டு. 4ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதத் தொடங்கிய தம் ‘ஒப்புதல்கள்’ நூலில், கார்த்தேஜ் அரசி டைடோ காதலுக்காக உயிர்விட்ட கதையைப் படித்துச் சிறுவயதில் அழுததை அவர் நினைவுகூர்கிறார். கதைப் பெண்ணுக்காக அழுத தாம், இறைவனைப் பிரிந்து செத்துக்கொண்டிருந்த தம் உயிருக்காக ஒரு துளியும் அழவில்லை என்பதே அவருடைய வேதனை. கதையின் இன்பத்தை அறியாத ஒருவரின் கண்டனமாக இருந்தால் ஒதுக்கிவிடலாம். இது நன்றாக அனுபவித்தவரின் வாக்குமூலம்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் மறுமொழி, கதை நீதி புகட்டுகிறது என்பது. தமிழின் முதல் நாவலான ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879இல் வெளிவந்தது; அதை மாயூரம் வேதநாயகம் பிள்ளையும் அந்த நம்பிக்கையோடுதான் எழுதினார். அறிவுரை இல்லாத அத்தியாயத்தை அதில் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் அவர் 20 ஆண்டுகளுக்கு முன்பே, 1859இல், ‘நீதிநூல்’ வெளியிட்டிருந்தார். நீதி சொல்வது மட்டுமே நோக்கம் என்றால் அந்த நூலே போதுமாக இருந்திருக்கும். நீதிநூல் எழுதிய கை நாவலுக்குப் போனதென்றால், நீதியால் தர முடியாத ஏதோ ஒன்றைக் கதை தருகிறது என்றாகிறது. பயனைக் காட்டி இன்பத்துக்கு அனுமதி வாங்குகிற வாதம் வலுவற்றது. அந்த இன்பம் எத்தகையது என்றே பார்க்க வேண்டும்.

தமிழில் இந்த வழக்கு பெரிதும் ஒரு காப்பியத்தைச் சுற்றி நடந்திருக்கிறது. சீவக சிந்தாமணி, சமணத் துறவி திருத்தக்கதேவர் பாடியது. 13 இலம்பகங்களில் சீவகன் எட்டுப் பெண்களை மணக்கிறான்; அதனால் ‘மணநூல்’ என்றே அதற்கு இன்னொரு பெயர் உண்டு. துறவியர்க்குத் துறவைப் பாட வரும், இன்பத்தைப் பாட வராது என்று மற்றப் புலவர்கள் சொன்னதால், தம் ஆசிரியரின் இசைவோடு அதைப் பாடினார் என்பது மரபுக் கதை. நூல் அரங்கேறியபின் அவருடைய துறவையே சிலர் ஐயுற்றதாகவும், பழுக்கக் காய்ச்சிய இரும்பை ஏந்தி அவர் தம் தூய்மையை மெய்ப்பித்ததாகவும் அதே கதை தொடர்கிறது. இவை நடந்தனவோ இல்லையோ, இன்பம் தரும் கதையை எழுதியவர்மேல் ஊருக்கு எழுகிற சந்தேகத்தை உள்ளபடியே பதிந்து வைத்திருக்கின்றன. காப்பியத்தின் கடைசிப் பகுதி முத்தி இலம்பகம். அத்தனை மணங்களையும் ஆட்சியையும் கடந்த சீவகன் அங்கே துறவு பூணுகிறான். இன்பத்தை வெளியிலிருந்து கண்டிக்காமல் அதன் வழியாகவே நடத்திச் சென்று மறுகரையில் விடுகிறது நூல்.

அடுத்த காட்சி சோழர் அவையில். சைவ மரபின்படி, அநபாயச் சோழன் சிந்தாமணியைச் சுவைத்துக் கேட்டு மகிழ்ந்திருந்தபோது, இந்நூல் இம்மைக்கும் பயன்படாது, மறுமைக்கும் பயன்படாது என்று அமைச்சர் சேக்கிழார் இடித்துரைத்தார். அப்படியானால் எதைப் படிப்பது என்று மன்னன் கேட்க, சிவனடியார் வரலாறுகளைச் சேக்கிழார் எடுத்துச் சொன்னார். பெரியபுராணம் அப்படிப் பிறந்தது என்பது மரபு. சேக்கிழார் கதை வேண்டாம் என்று சொல்லவில்லை என்பதே இங்கே கவனிக்க வேண்டியது. அரசனின் கையிலிருந்த கதைக்குப் பதிலாக வேறொரு கதையைக் கொடுத்தார். கதைமேல் உள்ள ஆசை மன்னனை விட்டுப் போகாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஒருவர் இன்னொருவருக்கு நூலைப் பரிந்துரைத்த வரலாற்றில் இதைவிடப் பெரிய விளைவு கண்ட நிகழ்ச்சிகள் தமிழில் சிலவே இருக்கும்.

சமயங்கள் இன்பத்தை முற்றிலும் விலக்கியதைவிட, அதற்கு ஒரு காலம் வகுத்துக் கொடுத்ததே அதிகம். தொல்காப்பியம் நிலத்தையும் பொழுதையும் சேர்த்து முதற்பொருள் என்கிறது. கார்காலம் முல்லைக்கு உரியது, கூதிரும் முன்பனியும் குறிஞ்சிக்கு உரியவை. உணர்ச்சிக்குப் பின்னணியாகப் பருவம் நிற்பதில்லை. உணர்ச்சியே பருவத்திலிருந்துதான் தொடங்குகிறது. வாசிப்புக்கும் இது பொருந்தும். வடதமிழ்நாட்டுத் திரௌபதி அம்மன் கோயில்களில் வேனில் நாட்களில் பாரதப் பிரசங்கம் நடக்கும். பகலில் கேட்ட கதை இரவில் தெருக்கூத்தாக ஆடப்படும். கேரளத்தில் கர்க்கடக மாதம், அதாவது நம் ஆடி, வீடுதோறும் இராமாயணம் படிக்கும் காலம். யாழ்ப்பாணக் கோயில்களில் புராண படனம் என்றொரு வழக்கம் உண்டு. ஒருவர் கந்தபுராணச் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார், மற்றவர் பயன், அதாவது பொருள், சொல்லுவார், ஊர் கேட்டிருக்கும். ஈழத்துச் சைவ வாழ்வு முழுவதையும் கந்தபுராணக் கலாசாரம் என்று பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை பெயரிட்டழைக்கும் அளவுக்கு அந்த வாசிப்பு ஊறிப்போயிருந்தது.

இந்த வாசிப்புகள் எல்லாம் பக்தியின் பேரில் நடந்தவை. ஆனால் சூரபதுமன் போரில் வீழும் நாளுக்காகக் காத்திருந்த கூட்டத்துக்குக் கதைச்சுவை தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. தொடக்கமும் முடிவும் குறித்த காலத்துக்குள் இன்பம் அடங்கியிருந்தது. கதை முடிந்ததும் வயலும் வீடும் காத்திருந்தன. பாஸ்கல் அஞ்சியது முடிவில்லாத பொழுதுபோக்கை. பருவம் அதற்கு முடிவு வைத்தது.

இக்காலத் தமிழ் வாசகருக்கும் ஒரு பருவம் இருக்கிறது. மார்கழியில் சபாக்களில் இசை விழா நடக்கிறது. அதை ஒட்டி, பொங்கல் நாட்களில், சென்னைப் புத்தகக் கண்காட்சி. பதிப்பாளர், புத்தக விற்பனையாளர் அமைப்பான பபாசி 1977இல் தொடங்கிய அந்தக் கண்காட்சியைக் கணக்கில் கொண்டே தமிழ் நாவல்களில் பெரும்பகுதி அச்சேறுகிறது. எந்த நாவல் வாங்கலாம் என்ற கேள்வி மார்கழியிலேயே நண்பர்களுக்குள் எழுந்துவிடும். பருவத்துக்கு அடங்காத வாசிப்புக்கும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஜெயமோகன் 2014 முதல் 2020 வரை நாள்தோறும் ஓர் அத்தியாயமாக எழுதி 26 நாவல்களில் நிறைவுசெய்த ‘வெண்முரசு’, மகாபாரத வாசிப்பைக் கோயில் திடலிலிருந்து தனி மனிதரின் விடியற்காலைக்கு மாற்றியது.

அகுஸ்தீனின் குற்றச்சாட்டுக்கு நேர்ப் பதில் இந்திய ரசக் கொள்கையில் இருக்கிறது. 10, 11ஆம் நூற்றாண்டுகளில் காஷ்மீரத்தில் வாழ்ந்த சைவத் தத்துவஞானி அபிநவகுப்தர், கலையில் பிறக்கும் சோகம் வாழ்க்கைச் சோகம் அல்ல என்று விளக்கினார். வாழ்க்கையில் வரும் துயரம் ‘என்னுடையது’ அல்லது ‘அவனுடையது’. கலையில் அந்த உரிமைப் பட்டயம் கழன்றுவிடுகிறது. துயரம் யாருக்கும் சொந்தமில்லாமல், அதனாலேயே எல்லாருக்கும் பொதுவாக நிற்கிறது. ‘நான்’ என்பது சிறிது நேரம் தளரும் அந்த நிலைதான் சுவை. பிரம்மானந்தத்துக்கு அதை உடன்பிறப்பாகக் கருதியது அந்த மரபு. அப்படிப் பார்த்தால் டைடோவுக்காக அழுத சிறுவன் தன் உயிரை மறந்ததில் குற்றமில்லை. தன்னைக் கொஞ்சம் மறக்கத் தெரிந்ததே, பிற்காலத்தில் இறைவன் முன் அவர் விட்ட கண்ணீருக்கும் பயிற்சியாக இருந்திருக்கலாம்.

இமையத்தின் ‘செல்லாத பணம்’ (2018) நாவல் இந்த விளக்கத்துக்குக் கடுமையான சோதனை. தீக்காயங்களோடு மருத்துவமனையில் கிடக்கும் மகள், பணமிருந்தும் காப்பாற்ற இயலாத பெற்றோர், வெளியே காத்திருப்போரின் பேச்சு என்று நாவல் நகர்கிறது. இதை யாரும் மகிழ்ந்து படித்தேன் என்று சொல்ல மாட்டார்கள். ஆனாலும் முடிக்காமல் கீழே வைக்க முடியாது, முடித்தபின் பிறருக்குச் சொல்லாமல் இருக்கவும் முடியாது. 2020க்கான சாகித்திய அகாதெமி விருதும் அதற்குக் கிடைத்தது. இதில் உள்ள ஈர்ப்பை வெறும் கேளிக்கை என்ற சொல்லுக்குள் அடைக்க இயலாது. ‘இன்பம்’ என்ற சொல்லையே இங்கே அகலமாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

இரண்டாவது கேள்வி பரிந்துரை பற்றியது. எனக்குக் காப்பி பிடிக்கும் என்பவர், உலகமே காப்பி குடிக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதில்லை. இந்த நாவல் சிறந்தது என்பவர் எதிர்பார்க்கிறார். இந்த வேறுபாட்டை 1790இல் தெளிவாக எடுத்துக்காட்டியவர் இம்மானுவேல் கான்ட். அழகு பற்றிய தீர்ப்பு நிரூபிக்க முடியாதது. ஆனாலும் பிறரும் உடன்பட வேண்டும் என்று அது கோருகிறது. டேவிட் ஹியூம் 1757இல் எழுதிய கட்டுரையில், யாருடைய தீர்ப்பை நம்புவது என்று கேட்டு, ‘டான் குவிக்சாட்’ நாவலிலிருந்து ஒரு கதையைச் சொன்னார். பீப்பாய் மதுவைச் சுவைத்த இருவரில் ஒருவர் தோல் வாடை என்றார், மற்றவர் இரும்புச் சுவை என்றார். ஊர் சிரித்தது. பீப்பாய் காலியானபோது அடியில் தோல்வார் கட்டிய சாவி ஒன்று கிடந்தது. நுண்ணிய சுவையுணர்வு, பயிற்சி, ஒப்பீடு, ஓரவஞ்சனை இல்லாத மனம் ஆகியவை உள்ளவரின் சொல்லுக்கு ஹியூம் மதிப்புக் கொடுத்தார். வடமொழியில் அத்தகையவர் சஹிருதயர். தமிழில் ஒத்த நெஞ்சினர்.

ஹியூமே இன்னொன்றையும் ஒப்புக்கொண்டார். 20 வயதில் ஆவிட், 40இல் ஹொரஸ், 50இல் டாசிட்டஸ் என்று மனிதருக்குப் பிடித்த ஆசிரியர் வயதோடு மாறுகிறார் என்பதுதான் அது. அவர் அதை ஒரு விலக்காகவே வைத்தார். உண்மையில் பரிந்துரையின் மையமே அங்கேதான் இருக்கிறது. தமிழில் பருவம் என்ற சொல் ஆண்டின் பொழுதையும் குறிக்கும், ஆளின் வயதையும் குறிக்கும். சைவ சித்தாந்தம் பக்குவம் என்று ஒரு படி மேலே போகிறது. உயிரைப் பிணித்த மலம் பரிபாகம் அடைந்த உயிருக்கே குரு வாய்ப்பார் என்கிறது. பழுக்காத உயிருக்கு உயர்ந்த உபதேசமும் ஏறாது. நூலுக்கும் இதுவே நியதி. சோ. தர்மனின் ‘சூல்’ (2016), ஒரு கரிசல் கிராமத்துக் கண்மாயையும் அதை நம்பிய உயிர்களையும் பற்றிய நாவல். மழைக்கு ஏங்கி வளர்ந்தவருக்கு அது முதல் பக்கத்திலேயே பிடிபடும்; மற்றவர் பொறுமையோடு கொஞ்ச தூரம் நடக்க வேண்டும். மகளை அண்மையில் இழந்த தாயிடம் ‘செல்லாத பணம்’ கொடுப்பது கொடுமை. சொந்த இன்பதுன்பத்தில் மூழ்கியிருப்பதை, சுவைக்கு நேரும் இடையூறுகளில் ஒன்றாக அபிநவகுப்தரே எண்ணியிருக்கிறார். நல்ல நாவல் எது என்று அறிவது பாதி வேலை. எதிரே இருப்பவரின் பருவத்தைப் படிக்கத் தெரிய வேண்டும். பரிந்துரைப்பவர் அவருக்குக் கடமைப்பட்டவர்.

பரிந்துரையின் எதிர்முனை தடை. பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ நாவல் 2010இல் வந்தது. 2014 இறுதியில் சமயத்தின் பெயரால் அதற்கு எதிர்ப்புக் கிளம்பி, 2015 ஜனவரியில் எழுத்தாளர் தம் எழுத்து வாழ்வே முடிந்துவிட்டதாக அறிவிக்கும் நிலை வந்தது. 2016 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. புத்தகம் பிடிக்காதவர் அதைப் படிக்காமல் விடலாம் என்பதே தீர்ப்பின் சாரம். தடை கேட்பவரும் தம் சுவையை மற்றவர்மேல் ஏற்றுகிறார், பரிந்துரைப்பவரும் ஏற்றுகிறார். ஆனால் பரிந்துரைப்பவர் வேண்டாம் என்று சொல்லும் உரிமையை எதிராளியிடமே விட்டுவைக்கிறார். சேக்கிழார்கூடச் சிந்தாமணியை எரிக்கச் சொன்னதாக மரபு சொல்லவில்லை.

சிந்தாமணி பிறகு நெடுங்காலம் சமணர் இல்லங்களிலும் ஏடுகளிலும் ஒதுங்கிக் கிடந்தது. 1880இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியாரைக் கல்லூரித் தமிழாசிரியர் உ. வே. சாமிநாதையர் காணச் சென்றார். சைவ மடத்துப் பாடம் கேட்டு வளர்ந்தவர் அவர். தாம் படித்த அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் அவர் அடுக்கியபோது முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்திருக்கிறீர்களா என்று மட்டும் கேட்டார். சாமிநாதையர் படித்திருக்கவில்லை. முதலியார் ஏட்டைப் பார்த்து எழுதிய ஒரு பிரதியைக் கொடுத்தார். அதில் புரியாத சமயச் செய்திகளைக் கும்பகோணத்துச் சமணர்களிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டு, நச்சினார்க்கினியர் உரையோடு 1887இல் அந்தச் சைவர் சமண நூலை அச்சிட்டு வெளியிட்டார்.