சாவில்லாத வீட்டின் சத்தியம்

உடன்பிறந்தவன் செய்வது அதர்மம் என்று தெரிந்த பின்னும் அவன் பக்கம் விட்டு நகராமல் நிற்பவனைப் புண்ணியவான் என்பதா, பாவத்தில் பங்காளி என்பதா என்ற கேள்வி, குடும்பம் என்று ஒன்று தோன்றிய நாள் முதலே மனிதனைத் தொடர்ந்து வருகிறது. மனித வாழ்வில் இதற்கு முழு விடை கிடைப்பதற்குள் யாராவது ஒருவருக்கு ஆயுள் முடிந்து, வழக்கு பாதியில் நின்றுவிடுகிறது. மரணமே இல்லாத ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்து, அவர்களுடைய பாசத்தையும் பகையையும் ஆயிரம் வருஷ காலம் ஓடவிட்டுப் பார்த்தால் என்ன தெரியவரும்? 2013 முதல் 2018 வரை அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஐந்து பருவங்களாக வந்த ‘தி ஒரிஜினல்ஸ்’ என்ற தொடர் அந்தப் பரீட்சையைத்தான் செய்து பார்த்தது. ரத்தக் காட்டேரிக் கதைதானே என்று ஒதுக்குகிறவர்கள் ஒதுக்கட்டும்; நான் அதை ஒரு தர்ம விசாரமாகவே மதிக்கிறேன்.

காட்டேரிக்கும் குடும்பத்துக்கும் உள்ள சம்பந்தம் இந்தத் தொடர் புதிதாகக் கட்டியதல்ல. 1725-ஆம் வருஷம் செர்பியாவின் கிசில்யேவோ கிராமத்தில் பேட்டர் பிளகோயவிச் என்ற குடியானவன் இறந்து, அவனைப் புதைத்த சில நாட்களில் ஊரார் பலர் அடுத்தடுத்து மாண்டபோது, அவன்தான் எழுந்து வந்து உயிர்களைக் கொண்டுபோகிறான் என்று ஊர் நம்பியது. அவ்வூரை ஆண்ட ஆஸ்திரிய சர்க்காரின் அதிகாரி அதை அறிக்கையாகவே எழுதி அனுப்பினார். அவன் மனைவி சொன்ன சாட்சியம் என்னவென்றால், புருஷன் இரவில் வந்து தன் செருப்பைக் கேட்டான் என்பதுதான். அதைச் சொல்லிவிட்டு அவள் ஊரைவிட்டே போய்விட்டாள். எழுந்து வரும் பிரேதம் முதலில் தன் வீட்டாரைத்தான் தேடி வரும் என்பது கிழக்கு ஐரோப்பியக் கிராமங்களில் வேரோடிய நம்பிக்கை. 1897-ல் பிராம் ஸ்டோக்கர் தம் நாவலில் டிராகுலாவை மலைக்கோட்டைப் பிரபுவாக்கியபோது காட்டேரி வீடு வாசலை விட்டு விலகிப்போனான்; இத்தொடர் அவனை மறுபடி வீட்டுக்குள் கொண்டுவந்து சேர்த்தது.

அந்த வீடு மைக்கேல்சன் வீடு. ஓநாய் மனிதர்கள் குதறிக் கடைக்குட்டி ஹென்ரிக் இறந்துபோக, இனி ஒரு பிள்ளையையும் இழக்கமாட்டோம் என்று பெற்றோர் முடிவு செய்கிறார்கள். தாய் எஸ்தர் மந்திரம் தெரிந்தவள். ரத்தம் கலந்த மதுவைப் பிள்ளைகள் குடிக்கிறார்கள். குடித்து முடித்ததும் தகப்பன் மைக்கேல் தன் கைவாளை ஒவ்வொரு பிள்ளையின் மார்பிலும் பாய்ச்சுகிறான். அவர்கள் சாவை வென்றவர்களாக எழுந்திருக்கிறார்கள். பிள்ளைகளைக் காப்பதற்காகவே பிள்ளைகளைக் கொன்ற அந்த இரவில் தொடங்கியதுதான் அவர்களுடைய அமரத்துவம் என்பதை மறந்துவிட்டால், பின்னால் வரும் துவேஷம் எதுவும் விளங்காது.

பின்பு தாய் மறைகிறாள். அவளுடைய சமாதியருகே எலைஜா, கிளாஸ், ரெபேக்கா மூவரும் என்றென்றும் பிரிவதில்லை என்று பிரதிக்ஞை செய்துகொள்கிறார்கள். தொடர் முழுவதும் மந்திரம்போல் திரும்பத் திரும்ப ஒலிக்கும் அந்தச் சத்தியத்தின் அடியில் ஒரு பொய் கிடக்கிறது. தாயைக் கொன்றவன் கிளாஸ். தகப்பன் கொன்றான் என்று தங்கையிடம் சொன்னவனும் அவனே. அவள் அதை நம்பித்தான் அண்ணன் கையைப் பற்றினாள். அஸ்திவாரம் இப்படியிருக்க, மேலே எழுந்த கட்டடம் எப்படியிருக்கும்? தன்னை விட்டு விலக நினைக்கும் சகோதரனின் நெஞ்சில், வெண்கருவாலி மரத்தின் சாம்பல் தோய்ந்த வெள்ளிக் குத்துவாளைச் செருகிச் சவப்பெட்டிக்குள் கிடத்திவிடுவது கிளாஸின் வழக்கமாகிறது. மூத்தவன் ஃபின் தொள்ளாயிரம் வருஷம் அப்படிக் கிடந்தான். போகுமிடமெல்லாம் அந்தப் பெட்டிகளையும் கிளாஸ் கூடவே கொண்டுபோகிறான். எனக்கு இத்தொடரில் மிகவும் பயங்கரமாகத் தோன்றியது ரத்தம் குடிக்கும் காட்சி எதுவுமல்ல. உடன்பிறந்தாரை அடைத்த பெட்டிகளைச் சுமந்துகொண்டு, நாங்கள் பிரியவே இல்லை என்று ஒருவன் மனப்பூர்வமாக நம்புகிறானே, அதுதான்.

மானுடக் குடும்பங்களிலும் பங்காளிப் பகை உண்டு. ஆயினும் அங்கே காலம் என்ற நடுவர் இருக்கிறார். தகப்பனுக்கு வயதாகிறது, சாவிக்கொத்து கைமாறுகிறது, மூத்தவன் கண்ணை மூடுகிறான், இளையவனுக்கு இடம் கிடைக்கிறது, பாகம் பிரித்தபோது முகம் பாராமலிருந்தவர்கள் இழவு வீட்டுத் திண்ணையில் ஒன்றாக உட்காருகிறார்கள். சாவில்லாத வீட்டில் யாரும் யாருக்கும் இடம்விடுவதில்லை. கிளாஸ் தன் மகனல்ல, ஓநாய் மனிதன் ஒருவனுக்குப் பிறந்தவன் என்று அறிந்த மைக்கேல், ஆயிரம் வருஷம் அவனைத் துரத்திக் கொல்லவே அலைகிறான். தன்னை ஏன் இவ்வளவு வெறுத்தாய் என்று கிளாஸ் கடைசியில் கேட்கும்போது தகப்பனுக்குச் சொல்லக் காரணம் எதுவும் இல்லை. காரணம் தேய்ந்து, வெறுப்பு மாத்திரம் அழியாமல் நின்றுவிட்டது.

எலைஜாவைப் பார்க்கும்போது, கம்பனில் தோய்ந்த எவருக்கும் கும்பகர்ணன் நினைவு வராமல் இராது. தம்பி கிளாஸின் ஆத்மாவில் எங்கோ நல்லது ஒரு துளி இருக்கிறது, அதை மீட்டே தீருவேன் என்பது எலைஜாவின் வைராக்கியம். அதற்காக நெஞ்சில் குத்துவாளையும் ஏற்றுப் பொறுத்தவன் அவன். கும்பகர்ணனும் அண்ணன் செய்தது தவறு என்று முகத்துக்கு நேரே இடித்துரைத்துவிட்டு, அந்த அண்ணனுக்காகவே போர்க்களம் புகுந்தான். தன்னை அழைக்க வந்த விபீஷணனைத் தன்னோடு சேர்ந்து சாகும்படி இழுக்காமல், இராமனிடமே திரும்பிப் போ என்று வழியனுப்பினான். நான் காணும் வித்தியாசம் அங்கேதான் இருக்கிறது. கும்பகர்ணன் தன் விசுவாசத்துக்கு விலையாகக் கொடுத்தது தன் உயிரை. எலைஜா ஆயிரம் வருஷமாகக் கொடுத்துவந்தது பெரும்பாலும் பிறருடைய உயிர்களை. குடும்பத்தைக் காக்கவே செய்தேன் என்று சொல்லிக் கைக்குட்டையால் விரல்களைத் துடைத்துக்கொள்ளும் அவனுடைய மரியாதை மிக்க தோரணையில் பார்ப்பவர் மயங்கிவிடுகிறார்கள். அந்தக் கைகளில் மாண்டவர்களுக்கும் அண்ணன் தம்பி இருந்திருப்பார்கள் என்பதைத் தொடரும் பல இடங்களில் மறந்துவிடுகிறது.

இந்தச் சத்தியம் இல்லாவிட்டால் எலைஜா யார்? இத்தொடரின் மிக ஆழமான கேள்வி என்று நான் கருதுவது இதைத்தான்; கதையும் அதைத் தட்டிக்கழிக்கவில்லை. கிளாஸின் மகள் ஹோப்பைப் பீடித்திருந்த தீய சக்தியை உடன்பிறந்தார் நால்வர் பங்கிட்டுத் தங்களுக்குள் வாங்கிக்கொள்ள, அதனால் இனி ஒருவரையொருவர் நெருங்கக்கூடாது என்றாகிறது. பிரிவைத் தாங்கமாட்டோம் என்று உணர்ந்த எலைஜா, தன் நினைவுகளையே அழிக்கச் சொல்கிறான். பின்பு பிரான்ஸ் தேசத்து மனோஸ்க் என்ற ஊரில் பியானோ வாசித்துக்கொண்டு, ஒரு பெண்ணை நேசித்துக்கொண்டு, அமைதியாக வாழ்கிறான். ஆயிரம் வருஷத்தில் அவன் சுகமாக இருந்த காலம் அதுதான். ஆனால் அதே மறதியில்தான், ஹோப்பின் தாய் ஹேலி உயிருக்குப் போராடும் வேளையில், அவளைக் காக்க முனைந்த கிளாஸை யாரென்று அறியாமல் அவன் தடுத்துவிடுகிறான். ஒரு காலத்தில் அவன் உயிராய் நேசித்தவள் அவன் கண்ணெதிரே மாண்டுபோகிறாள். பந்தம் இருந்தபோது குடும்பத்துக்காக அந்நியரைக் கொன்றான்; பந்தம் அறுந்தபோது குடும்பத்தையே அந்நியமாகக் கண்டு சாகவிட்டான். இரண்டு நிலையிலும் அவனிடம் இல்லாதிருந்தது, எதிரே நிற்பவர் யாராயிருந்தாலும் அவருக்குச் செலுத்தவேண்டிய நியாயம். உறவு என்ற ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு வாழ்ந்தவனுக்கு அதைத் தாண்டி வேறு ஊன்றுகோல் வளரவே இல்லை.

முடிவில், மறுபடி மகளையே பற்றிக்கொண்ட அந்தத் தீய சக்தி முழுவதையும், அவளைக் காப்பாற்றத் தன்னுள் வாங்கிக்கொண்டு சாக கிளாஸ் துணிகிறான். அவர்களைக் கொல்ல வல்லதாக எஞ்சியிருக்கும் வெண்கருவாலி மரத்து முளை இரண்டாக ஒடிக்கப்படுகிறது. நியூ ஆர்லியன்ஸில் இரவு வேளையில் சகோதரர் இருவரும் ஒருவர் மார்பில் ஒருவர் அதைப் பாய்ச்சிச் சாம்பலாகிறார்கள். கிளாஸின் சாவை நான் வணங்குகிறேன். பிள்ளைக்காகத் தகப்பன் தன்னைக் கொடுப்பது, பிள்ளையின் மார்பில் வாளைப் பாய்ச்சிய மைக்கேலின் பாவத்துக்குத் தலைமுறை தாண்டி வந்த பிராயச்சித்தம். ஆனால் எலைஜா ஏன் சாகவேண்டும்? தாயையும் தகப்பனையும் இழந்து நிற்கும் சிறுமிக்குப் பெரியப்பன் இருந்து செய்யவேண்டிய கடமைகள் எத்தனையோ இருந்தன. தொடர் அதைத் தியாகத்தின் சிகரமாகக் காட்டுகிறது. என் மனம் அதற்கு ஒப்பவில்லை. அது தர்மத்துக்காக நேர்ந்த சாவல்ல, தம்பியில்லாமல் இருக்கத் தெரியாதவனின் சாவு.

ரெபேக்காவோ ஆதி முதல் வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: மனுஷியாகி, பிள்ளை பெற்று, நரைத்து, ஒருநாள் இறப்பது. கிளாஸை எதிர்த்தாள், அவன் கைக்குத்துவாளால் வருஷக்கணக்கில் பெட்டிக்குள் கிடந்தாள், தகப்பனை அவன்மேல் ஏவினாள், விலகியும் போனாள்; குடும்பத்துக்கு ஆபத்து என்றபோதெல்லாம் கட்டாயமில்லாமல் தானாகத் திரும்பியும் வந்தாள். கடைசியில் மானுட வாழ்வுக்கான வழி அவளுக்குத் திறக்கிறது. மைக்கேல்சன் வீட்டில் அந்தச் சத்தியத்தை உள்ளபடி காப்பாற்றியவர் யார் என்று என்னைக் கேட்டால், எலைஜாவின் பெயரை நான் சொல்லமாட்டேன். ரெபேக்காவின் பெயரைத்தான் சொல்வேன்.