மேலிருந்து கீழே

இரவு தெரு அடங்கிய பிறகு ராமோன்ஸ் என்ற ராக் இசைக்குழுவைக் கேட்பது சில மாதங்களாகப் பழக்கமாகிவிட்டது. இந்த நேரத்தில் இப்படியொரு இரைச்சல் எதற்கு என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்கோ அதைக் கேட்டால்தான் மனம் அடங்குகிறது. ஏன் என்று யோசித்துப் பார்க்கவே இந்தக் குறிப்புகள்.

*

நியூயார்க், குவீன்ஸ், ஃபாரஸ்ட் ஹில்ஸ். அங்கே பழகிய நான்கு இளைஞர்கள் 1974-ல் ஒன்றுசேர்ந்தார்கள். ஒருவருக்கொருவர் ரத்த உறவில்லை. ஆனாலும் நால்வரும் ராமோன் என்ற ஒரே குடும்பப் பெயரைச் சூட்டிக்கொண்டார்கள்: ஜோயி, ஜானி, டீ டீ, டாமி.

மார்ச் 30 அன்று முதல் நிகழ்ச்சி. அன்று மேடையில் மூன்று பேர்தான். டிரம்ஸ் ஜோயி, பாட்டும் பேஸும் டீ டீ, கிட்டார் ஜானி. டாமி வெளியே நின்று குழுவைக் கவனித்துக்கொண்டவர். டீ டீயால் பாடிக்கொண்டே பேஸ் வாசிக்க முடியவில்லை. ஜோயியால் டிரம்ஸில் அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியவில்லை. ஜோயியைப் பாட விட்டுவிட்டு வேறு டிரம்மரைத் தேடினார்கள். வந்தவர்களெல்லாம் தங்கள் கைவரிசையைக் காட்டினார்களே தவிர, கேட்டதை வாசிக்கவில்லை. எப்படி வாசிக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்த டாமியே கடைசியில் டிரம்ஸில் உட்கார்ந்தார். அவரவர் இடம் அவரவர் இயலாமையிலிருந்து கிடைத்திருக்கிறது. இதைப் படித்த அன்று புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் சும்மா இருந்தேன்.

*

ஜானியின் வலது கை.

அவரிடம் இருந்தது மாஸ்ரைட் கிட்டார். 50 டாலருக்குச் சற்றே கூடக் கொடுத்து வாங்கியது. அதில் அவர் அடித்த அடி மேலிருந்து கீழே மட்டும்தான். மற்றவர்கள் கையைக் கீழே கொண்டுபோய், திரும்பும்போதும் ஒரு அடி அடித்துக்கொள்வார்கள். பாதி உழைப்பு மிச்சம். ஜானி அந்த மிச்சத்தை வேண்டாம் என்றார். கை கீழிறங்கும்போது பிக் என்ற மீட்டும் தகடு முதலில் தடித்த தந்திகளைத் தொடும். ஒலிக்குக் கனம் கூடும். மேலேறும்போது மெல்லிய தந்திகள் முந்திக்கொள்ளும், ஒலி இளைத்துவிடும். எல்லா அடியும் ஒரே கனத்தில் விழுந்ததால்தான் அவர் கிட்டார் சுவர் போல நின்றது.

ஒரு நாள் மேசை விளிம்பில் விரலை வைத்து நானும் செய்து பார்த்தேன். அவர்களுடைய 'பிளிட்ஸ்க்ரீக் பாப்' பாட்டு நிமிடத்துக்குச் சுமார் 176 தாளம். தாளத்துக்கு இரண்டு அடி. பாட்டு இரண்டே கால் நிமிடத்துக்குள் முடிந்துவிடும். ஒரு நிமிடம் தாண்டியதும் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை நெருப்பாக எரிந்தது. விட்டுவிட்டேன். மேடையில் இதைவிட வேகமாக, பாட்டுக்கு மேல் பாட்டாக அடித்தார் அவர். கட்டுக்கடங்காத இசை என்று இதற்குப் பெயர். என் காதுக்கு இது விரதம்.

*

சிபிஜிபி என்பது மன்ஹாட்டனில் பௌரி தெருவில் 315-ஆம் எண்ணில் இருந்த மதுக்கூடம். நீண்டு குறுகிய அறை. ஹில்லி கிரிஸ்டல் அதை நாட்டுப்புற இசைக்காகத்தான் திறந்தார். பெயரே அந்த இசை வகைகளின் முதலெழுத்துகள்தான். வந்து சேர்ந்தது வேறு. 1974 ஆகஸ்ட் 16-ல் ராமோன்ஸ் அங்கே முதன்முதலாக வாசித்தார்கள். அந்தத் தொடக்க நாட்களில் ஒரு பாட்டை ஆரம்பிப்பார்கள், நிறுத்துவார்கள், அடுத்தது எது என்று மேடையிலேயே சண்டை போடுவார்கள். நிகழ்ச்சி மொத்தமும் சுமார் 17 நிமிடம்.

சண்டையைத் தீர்த்தது டீ டீயின் எண்ணிக்கை என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு பாட்டு முடிந்த கையோடு ஒன், டூ, த்ரீ, ஃபோர் என்று கத்துவார். பேசவோ, யோசிக்கவோ, கோபப்படவோ இடமில்லை. எண்ணி முடிந்தால் எல்லோரும் உள்ளே குதித்துவிட வேண்டும். மூச்சை எண்ணச் சொல்லித்தருபவர்களும் இதைத்தானே செய்யச் சொல்கிறார்கள்?

*

முதல் ஆல்பம் 1976 பிப்ரவரியில் பதிவாயிற்று. செலவு 6,400 டாலர். 14 பாட்டு, 29 நிமிடம். கிட்டார் தனிப்பாய்ச்சல் என்று ஒன்று இல்லை. பத்து நிமிடப் பாட்டுகள் பெருமையாக இருந்த காலத்தில் இப்படி ஒன்றைச் செய்யத் துணிச்சல் வேண்டும். பேஸ் இடது காதில், கிட்டார் வலது காதில், குரலும் டிரம்ஸும் நடுவில். இடது பக்கத்து ஹெட்ஃபோனை எடுத்துவிட்டால் பேஸ் போய்விடும், ஜானியின் கிட்டார் முன்னால் வரும். பல இரவுகள் அப்படித்தான் கேட்டேன்.

ஆனாலும் அவர்களை முழுதாகக் கேட்க 'இட்ஸ் அலைவ்' வேண்டும். 1977 டிசம்பர் 31 இரவு, லண்டன் ரெயின்போ தியேட்டரில் பதிவானது. 28 பாட்டு, 54 நிமிடத்துக்குள். ஸ்டுடியோவில் நடந்துபோன பாட்டுகள் இங்கே ஓடுகின்றன. ஒரு அடிகூடச் சிதறவில்லை. மேடை ஒலிப்பதிவுகளில் நான் கேட்டவரை இதற்கு இணை இல்லை.

1978-ல் டாமி மேடையை விட்டார். குழு 1996 வரை வாசித்தது, மொத்தம் 2,263 நிகழ்ச்சிகள். 2014-ல் டாமியும் போனார். முதல் நால்வரில் இன்று ஒருவரும் இல்லை.

அந்த லண்டன் பதிவைக் கேட்டால் ஒன்றை மட்டும் செய்யுங்கள். ஒரு பாட்டு முடிந்து, கூட்டத்தின் கூச்சல் எழுந்து, டீ டீ எண்ணத் தொடங்கும் முன் ஒரு சிறு இடைவெளி வரும். அதில் காதை வையுங்கள்.