காட்சியின் உண்மை நிறம்

படத்தொகுப்பு முடிந்த பிறகு ஒவ்வொரு ஷாட்டின் ஒளியையும் நிறத்தையும் திருத்தும் வேலைதான் கலர் கிரேடிங். தமிழ்த் திரைத்துறையில் டி.ஐ. என்றால் பெரும்பாலும் இதையே சொல்வார்கள். எடிட்டிங் தெரிந்தவர் இதைப் பயிலும்போது மென்பொருள் சீக்கிரம் கைவந்துவிடும். எதை நோக்கித் திருத்துவது என்பதுதான் எளிதில் பிடிபடாது. காட்சிக்கு உண்மை நிறம் என ஒன்று இருந்தால், அதை எட்டியதும் வேலை முடிந்தது. அப்படி ஒன்று இல்லையென்றால் எந்தத் திருத்தத்தையும் தவறென்று சொல்ல முடியாதே என்ற கேள்வி எழுகிறது.

உண்மை நிறம் கேமராவில் பதிவாகியிருக்கும் என்பதே பலரின் முதல் எண்ணம். ஆனால் சென்சாருக்கு ஒளியின் அளவு மட்டுமே தெரியும். கோடக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் 1976-இல் காப்புரிமை பெற்ற அமைப்பில், ஒவ்வொரு புள்ளியின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் என்பவற்றில் ஒரே ஒரு வடிகட்டிதான் இருக்கும். மற்ற இரண்டின் அளவும் அக்கம்பக்கப் புள்ளிகளிலிருந்து கணக்கிடப்படுகிறது. பிரகாச வேறுபாட்டைச் சுருக்கிப் பதியும் லாக் முறையில் எடுத்த காட்சி வெளிறித் தெரியும். லட் போட்டதும் நிறம் எழும்போது, மறைந்திருந்த உண்மை வெளிவந்ததாகத் தோன்றும். லட் என்பதோ யாரோ ஒருவர் முடிவுசெய்து எழுதிய எண் அட்டவணை. திருத்தத்துக்கு முந்தைய அசல் நிறம் எதுவும் கோப்புக்குள் காத்திருப்பதில்லை.

அப்படியானால் நிறம் பொருளில் இருக்கிறதா? இதில் மெய்யியலாளர்கள் ஒத்துப்போவதில்லை. நியாய வைசேஷிக மரபு நிறத்தைப் பொருளின் குணமாகவே கொள்கிறது. கண் அதை அறிகிறது, ஆக்குவதில்லை. காண்பவரை நீக்கினால் நிறமும் நீங்கிவிடும் என்று 1623-இல் கலிலியோ வாதிட்டார். கதிர்களுக்கு நிறம் கிடையாது, நிற உணர்வை எழுப்பும் ஆற்றலே உண்டு என்று 1704-இல் வெளியான ஒளியியல் நூலில் நியூட்டன் எழுதினார்.

கிரேடிங் அறையில் முதலில் கலிலியோவின் பக்கமே வலுவாகத் தெரியும். பாரிஸின் கோபலின் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவைக் கவனித்த வேதியியலாளர் ஷெவ்ரேல், கறுப்புச் சாயம் அடர்த்தியாக இல்லை என்ற புகாரை ஆராய்ந்தார். சாயத்தில் குறை இல்லை. பக்கத்தில் நெய்திருந்த நீலமும் ஊதாவும்தான் கறுப்பை மங்கச் செய்திருந்தன. இதை அவர் 1839-இல் விரிவான நூலாக்கினார். இதே காரணத்தால், முகத்தைத் தொடாமல் பின்சுவரைப் பச்சையாக்கினாலே முகம் சிவந்து தெரியும். நேரம் போகப்போகவும் பார்வை மாறும். பச்சைச் சாயல் கொண்ட ஷாட்டைச் சில நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தால் அது இயல்பாகிவிடும். அடுத்து வரும் நடுநிலையான ஷாட் மெஜெந்தாவாகத் தெரியும். சுவருக்குச் சாம்பல் பூசுவது, பின்னொளியை 6500 கெல்வினில் வைப்பது, மானிட்டரின் வெண்மையை 100 நிட்ஸ் பிரகாசத்துக்கு அமைப்பது எல்லாம் காண்பவரை ஒரே நிலையில் நிறுத்தும் ஏற்பாடுகள்.

கண்ணை நம்பாமல், ஒளியளவையும் நிறச்சாயலையும் வரைபடமாகக் காட்டும் வேவ்ஃபார்மையும் வெக்டர்ஸ்கோப்பையும் பார்க்கும்படி பயிற்சியில் சொல்வார்கள். நல்ல அறிவுரைதான், ஆனால் அதுவும் கண்ணிலேயே போய் முடிகிறது. கருவி காட்டும் எண்கள் தொலைக்காட்சிக்கான ரெக். 709 போன்ற ஒரு தரத்துக்குள்தான் நிறமாகின்றன. அந்தத் தரத்தின் மூன்று முதன்மை நிறங்களும் 1931-இல் வகுக்கப்பட்ட சர்வதேச அளவுமுறையில் குறிக்கப்பட்டவை. அந்த அளவுமுறையோ, ரைட், கில்ட் என்ற இரு பிரிட்டிஷ் ஆய்வாளர்களின் சோதனைகளில் அமர்ந்த 17 பேருடைய பார்வையின் சராசரியிலிருந்து பிறந்தது. நிறத்துக்கு அளவுகோல் உண்டு. பலர் ஒத்துக் காண்பதே அந்த அளவுகோல்.

இப்படிக் காண்பவரையும் சூழலையும் சார்ந்து நிற்கும் நிறம் மெய்யாகுமா? 13-ஆம் நூற்றாண்டின் சிவஞானபோதத்தில் படிக உவமை வருகிறது. அருகிலுள்ள நிறங்களைப் படிகம் காட்டுவது போல, உயிர் தான் சார்ந்ததன் தன்மையைப் பெறும் என்பது சைவ சித்தாந்தம். அந்நூலின் அக்கறை உயிரின் விடுதலை. நிறவியல் அதன் நோக்கமன்று. ஆனாலும் உவமையை நிறத்துக்கே திருப்பிப் பார்க்கலாம். படிகத்தில் தெரியும் சிவப்பு படிகத்துக்குச் சொந்தமில்லை. அதை வெறும் பொய் என்றும் தள்ள முடியாது. படிகத்தின் அருகே ஒரு செம்பூ இருக்கும்வரை யார் வந்து பார்த்தாலும் அங்கே சிவப்புதான். சார்பினால் அமையும் ஒன்றும் தன் அளவில் மெய்யாக இருக்கலாம்.

அசல் என ஒன்று இல்லாதபோது, கிரேடிங் பொய் சொல்கிறதா என்ற கேள்வியும், பார்வையாளருக்குத் தந்த உறுதியை அது காக்கிறதா என்பதற்கு இடம் மாறுகிறது. 2000-இல் வந்த ‘ஓ பிரதர், வேர் ஆர்ட் தௌ’ படத்துக்காக ஒளிப்பதிவாளர் ரோஜர் டீக்கின்ஸ், மிசிசிப்பியின் கோடைப் பசுமையைக் கணினி வழியாக வறண்ட மஞ்சளாக்கினார். அதில் யாரும் ஏமாறவில்லை. மிசிசிப்பியின் இலை நிறம் பற்றிப் பார்வையாளருக்கு அந்தப் படம் எந்த உறுதியும் தரவில்லை. ஆனால் வெள்ளச் செய்தியில் வானத்தைக் கூடுதலாகக் கறுக்க வைத்தால், இப்படித்தான் நடந்தது என்று செய்தி தரும் உறுதி முறிகிறது.

மனிதத் தோலின் நிறத்தில், உறுதியைக் காக்கும் இந்தப் பொறுப்பு மிகவும் கூடுகிறது. வெளுத்தவர், கறுத்தவர் எவரானாலும் தோலின் சாயல் வெக்டர்ஸ்கோப்பில் ஏறக்குறைய ஒரே கோட்டருகே விழும். பெரும்பாலும் வேறுபடுவது பிரகாசமும் செறிவும்தான். ஆயினும் அமெரிக்கப் புகைப்பட ஆய்வகங்கள் பல பத்தாண்டுகள் ஒரு வெள்ளைப் பெண்ணின் படமுள்ள கோடக் அட்டையை வைத்தே நிறத்தைச் சரிபார்த்தன. ‘ஷெர்லி அட்டை’ என்று அதற்குப் பெயர். ஒத்துக் காண்பதே அளவுகோல் என்னும்போது, யாரெல்லாம் கணக்கில் வந்தார்கள் என்றும் கேட்டாக வேண்டும். கதைக்குத் தேவையில்லாமலே கறுத்த முகத்தை வெளுப்பாக்கும் கிரேடிங் இந்தத் தவறையே திரும்பச் செய்கிறது. கறுத்த தோலுக்கு வடிவம் தருவது அதன்மேல் விழும் ஒளியின் பளபளப்பு. அதைக் காத்து, நடுத்தொனியை இருந்த இடத்திலேயே விட்டு, சாயலை மட்டும் கோட்டருகே கொண்டுவருவதே பயில வேண்டிய முறை.