பேசாத பிள்ளையும் செந்தூர் வாசலும்



சென்ற ஆண்டு கந்தசஷ்டி வழிபாடு கிரெய்கிபர்ன் மண்டபத்தில் நடந்தபோது நிகழ்ந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறோம். தீபாராதனைக்கு மணி அடிக்கத் தொடங்கியதும் ஏழெட்டு வயதுப் பிள்ளை ஒருவன் இரு காதுகளையும் பொத்திக்கொண்டு வீரிட்டான். பின்பு வரிசைகளுக்கு இடையால் ஓடினான். பூத்தட்டு ஒன்று கவிழ்ந்தது, வேறொன்றும் ஆகவில்லை. தாயார் ஓடிச்சென்று அவனைக் கட்டியணைத்து வெளியே கொண்டுபோனார். அப்போது பின்வரிசையில் இருந்து ஒரு குரல், "பிள்ளையை அடக்கி வளர்க்கத் தெரியாவிட்டால் வீட்டிலேயே வைத்திருக்கலாமே" என்றது. அது தாயாரின் காதில் விழுந்தது. எமது காதிலும் விழுந்தது. நாம் கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றோம்.

அதன்பின் அக்குடும்பம் வரவில்லை. தைப்பூசத்துக்கு வாருங்கள் என்று தொலைபேசியில் அழைத்தபோது, "நாங்கள் வீட்டிலேயே விளக்கேற்றிக் கும்பிடுகிறோம் ஐயா, உங்களுக்கும் கரைச்சல் வேண்டாம்" என்று அந்த அம்மா தாழ்ந்த குரலில் சொன்னார். கோபித்துப் பேசியிருந்தால் எமக்கு இவ்வளவு வலித்திராது. சஷ்டிக்கு நாம் சொல்லவேண்டிய பிரசங்கத்தை அன்று சொல்லவில்லை. இன்று சொல்கிறோம்.

குமரகுருபர சுவாமிகளின் சரிதம் நீங்கள் அறியாததல்ல. பதினேழாம் நூற்றாண்டில், தாமிரபரணிக் கரையில் ஸ்ரீவைகுண்டத்தில், சண்முகசிகாமணிக் கவிராயருக்கும் சிவகாமசுந்தரி அம்மையாருக்கும் பிறந்த பிள்ளை. தகப்பனார் கவிராயர், பிள்ளைக்கோ ஐந்து வயதாகியும் வாயில் ஒரு சொல் இல்லை. பெற்றோர் பிள்ளையைத் திருச்செந்தூருக்குக் கொண்டுபோய் ஒரு மண்டலம், அதாவது நாற்பத்தெட்டு நாட்கள், சந்நிதியில் விரதமிருந்தார்கள். முருகன் அருளால் பிள்ளை வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடியது என்பது சரிதம்.

இந்தக் கதையை நாம் எப்படிப் பயன்படுத்துகிறோம் என்று பாருங்கள். பேச்சு வராத பிள்ளையுடன் ஒரு தாய் வந்து நின்றால், "செந்தூர் முருகனுக்கு நேர்த்தி வையுங்கோ, குமரகுருபரர் பேசவில்லையா?" என்கிறோம். ஆறுதலாகத்தான் சொல்கிறோம். ஆனால் அவர் ஏற்கனவே நேர்த்தி வைத்திருக்கிறார், காவடியும் எடுத்திருக்கிறார். ஊருக்குப் போய் நாழிக்கிணற்றில் நீராட்டியும் வந்திருக்கிறார். அவர் காதில் விழுவது, "உங்கள் பக்தி போதவில்லை" என்பதுதான்.

கதையின் முடிவை மட்டும் பிடித்துக்கொண்டு நடுவை விட்டுவிட்டோம். அந்த நாற்பத்தெட்டு நாட்களையும் எண்ணிப் பாருங்கள். சொல் இல்லாத ஐந்து வயதுக் குழந்தை, அலைகடல் ஓசையும் மணியோசையும் கூட்டமும் உள்ள ஒரு சந்நிதியில், இரவும் பகலும். அது ஒருநாளும் அழாமலா இருந்திருக்கும்? எழுந்து ஓடாமலா இருந்திருக்கும்? பெற்றோர் வெட்கப்பட்டு அதை உறவினர் வீட்டில் ஒளித்துவிட்டு வரவில்லை, கூடவே வைத்திருந்தார்கள். பிள்ளை பேசிய பிறகு கூட்டி வாருங்கள் என்று கோயிலும் திருப்பி அனுப்பவில்லை. நாற்பத்தெட்டாம் நாள் நடந்தது முருகனின் செயல். அதை நாம் செய்ய முடியாது. முதல் நாற்பத்தேழு நாட்கள் அந்தக் குடும்பத்துக்கு உள்ளே இடம் கொடுத்தது மனிதரின் செயல். கிரெய்கிபர்னில் அதைக்கூட நாம் செய்யவில்லை.

இன்னொரு சொல்லும் எம்மவர் வாயில் எளிதாக வருகிறது: "முன்வினை." சைவசித்தாந்தம் படித்தவர்கள் என்று சொல்லிக்கொள்கிறோம். ஆணவம், கன்மம், மாயை என்ற மும்மலமும் உடலெடுத்த எல்லா உயிருக்கும் உண்டு என்பதுதானே பாடம்? டவுண் சின்ட்ரோம் உள்ள பிள்ளைக்கு மட்டும் கன்மம், மருத்துவக் கல்லூரிக்குப் போன எமது பிள்ளைக்கு அது கிடையாது என்று எந்தச் சாத்திரத்தில் இருக்கிறது? பிறருடைய வினைக்கணக்கைப் படிக்கும் கண் எமக்குத் தரப்படவில்லை. அப்படிப் படித்துச் சொல்பவரிடம் மூன்று மலங்களில் முதலாவது சற்றுக் கூடுதலாகவே இருக்கிறது என்பது எமது தாழ்மையான எண்ணம்.

கண்ணப்பர் கதையில் சிவகோசரியாரை நினையுங்கள். சுத்தமும் சிரத்தையும் உள்ள அர்ச்சகர். இறைச்சியும், வாய்நீரும், செருப்புக் காலும் பட்ட சந்நிதியைக் கண்டு அழுதார். அவரைக் குற்றம் சொல்ல முடியாது. ஆகமம் கற்றவர் அப்படித்தான் பதறுவார். இறைவனும் அவரைத் தண்டிக்கவில்லை. "ஒளிந்திருந்து பார்" என்று கனவில் சொன்னார், அவ்வளவே. அவர் ஒருநாள் மறைந்திருந்து பார்த்தார். எமது மண்டபத்தில் ஓடிய பிள்ளையின் வீட்டில் நாம் ஒருநாள் இருந்து பார்த்தால் தெரியும். ஓட்டிசம் உள்ள சில பிள்ளைகளுக்கு மணியோசை எமக்குக் கேட்பது போலக் கேட்பதில்லை. தலைக்குள் இடிப்பது போல இருக்கும். அவன் செய்தது குழப்படி அல்ல, தப்பியோட்டம். கரம் டவுன்ஸ் சிவா விஷ்ணு கோயிலுக்கு நகரின் மறு கோடிவரை ஒரு மணி நேரத்துக்கு மேல் காரில் போக அவனால் முடியாது என்பதால்தான் அந்தக் குடும்பம் அருகில் உள்ள எமது சிறு வழிபாட்டுக்கு வந்தது.

இந்த நாட்டிலும் ஆதியிலிருந்தே எல்லாம் நன்றாக இருந்தது என்று எண்ணவேண்டாம். மெல்பேணின் கியூ பகுதியில் 1887-இல் தொடங்கிய கியூ கொட்டேஜஸ் என்ற விடுதியில் அறிவுவளர்ச்சி குன்றியவர்கள் நூறாண்டுக்கு மேல் அடைக்கப்பட்டிருந்தார்கள். "இங்கே விட்டுவிட்டு மறந்துவிடுங்கள், வேறு பிள்ளை பெற்றுக்கொள்ளுங்கள்" என்று வைத்தியர்களே பெற்றோருக்குச் சொன்ன காலம் அது. மறக்க மறுத்த பெற்றோர் 1957-இல் தமக்கென ஒரு சங்கம் அமைத்துக் கேள்வி கேட்டார்கள். 1996-இல் அங்கு பற்றிய தீயில் ஒன்பது பேர் மாண்டார்கள். 2008-இல்தான் அது முற்றாக மூடப்பட்டது.

இன்று எல்லோரும் என்.டி.ஐ.எஸ். என்று சொல்லும் தேசிய மாற்றுத்திறனாளிகள் காப்புறுதித் திட்டமும் தானாக வந்ததல்ல. குடும்பங்களும் மாற்றுத்திறனாளிகளும் ஊர் ஊராகக் கூட்டம் போட்டுக் கேட்டதால், 2013-இல் சட்டமானது. அவ்வாண்டு ஜூலையில் ஜீலோங் பகுதி உட்படச் சில இடங்களில் தொடங்கியது. எமது ஹியூம் பகுதிக்கு 2018-இல் வந்தது. மாற்றுத்திறனாளிகள் மீதான வன்முறை, புறக்கணிப்பு பற்றி விசாரித்த அரச ஆணைக்குழு 2023 செப்டெம்பரில் 222 பரிந்துரைகளைத் தந்தது. இவற்றையெல்லாம் கேட்டுப் பெற்றவர்களின் கூட்டத்தில் எமது குரல் எவ்வளவு இருந்தது என்பதை நாமே எம்மிடம் கேட்கவேண்டும்.

எமது குடும்பங்கள் இத்திட்டத்தில் இழப்பது பெரும்பாலும் ஒரு சொல்லால். "சமாளிக்கிறோம்." மதிப்பீட்டுக்கு அதிகாரி கேட்பார், இரவில் தூங்குகிறானா, தானாகச் சாப்பிடுவானா என்று. வீட்டுக் குறையை வெளியில் சொல்லாத மரபில் வந்த தாய், "பரவாயில்லை, சமாளிக்கிறோம்" என்பார். அதிகாரி அதையே எழுதுவார். உதவி குறைந்துவிடும். மூன்று வருடமாக அந்தத் தாய் ஒரு இரவுகூட முழுதாகத் தூங்கவில்லை என்பது எந்தத் தாளிலும் இராது. நல்ல நாளைச் சொல்லாதீர்கள், மிகக் கடினமான நாளைச் சொல்லுங்கள். இரண்டு வாரம் ஒரு கொப்பியில் எழுதி வைத்துக் கொண்டுபோங்கள். உள்ளதை உள்ளபடி சொல்வது மானக்கேடு அல்ல, அது பிள்ளைக்காகச் சாட்சி சொல்வது. தமிழில் பேச உரைபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் 131 450 என்ற இலக்கம் இருக்கிறது. பிள்ளையின் மூத்த சகோதரியை உரைபெயர்ப்பாளராக உட்காரவைக்க வேண்டாம். அவள் பத்து வயதுப் பிள்ளை.

தீர்மானம் பாதகமாக வந்தால் விதியென்று விட்டுவிடாதீர்கள். மூன்று மாதத்துக்குள் மீளாய்வு கேட்கலாம். அதிலும் திருப்தி இல்லாவிட்டால் 2024 ஒக்டோபரில் புதிதாக அமைந்த நிர்வாக மீளாய்வுத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். பராமரிக்கும் தாய் தந்தையருக்கே ஆறுதலும் ஓய்வும் தேடித்தரும் கெயரர் கேட்வே 1800 422 737 என்ற இலக்கத்தில் கிடைக்கும்.

சிறு பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு வார்த்தை. "மாமாவும் நாலு வயதில்தான் பேசினார்" என்று காத்திருக்க வேண்டாம். விக்டோரியாவில் மூன்றரை வயதுவரை தாய்சேய் நலத் தாதியர் பிள்ளையின் வளர்ச்சியைப் பார்க்கிறார்கள். ஐயம் இருந்தால் அங்கேயே கேளுங்கள். ஆறு வயதுக்கு உட்பட்டோருக்கு வளர்ச்சித் தாமதம் இருந்தாலே, நோயின் பெயர் உறுதியாகும்வரை காத்திராமல் உதவி கேட்க வழி இருந்துவருகிறது. எட்டு வயதுவரையுள்ள பிள்ளைகளில் இலேசான, மிதமான தேவையுள்ளோருக்கு வேறொரு ஏற்பாடு செய்வதாக அரசு 2025 ஓகஸ்டில் அறிவித்திருப்பதால், முன்பு யாரோ சொன்னதை நம்பியிராமல் புதிதாகக் கேட்டறியுங்கள். செந்தூரானுக்கு நேர்த்தியும் வையுங்கள், பேச்சுப் பயிற்சிக்கும் கொண்டுபோங்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று பகை அல்ல.

நிரந்தர வதிவிடம் இன்னும் கிடைக்காத குடும்பங்களின் நிலை இதிலும் கடினம். என்.டி.ஐ.எஸ். அவர்களுக்கு இல்லை. அதோடு, குடும்பத்தில் ஒருவரின் மருத்துவ, சேவைச் செலவு குறித்த எல்லையைத் தாண்டும் என்று கணித்தால் விசா மறுக்கப்படலாம். அந்த எல்லை 2024 ஜூலையில் 86,000 டொலராக உயர்த்தப்பட்டது. இந்தப் பயத்தில் பிள்ளையை வைத்தியரிடமே காட்டாமல் வைத்திருப்போர் உண்டு. மண்டபத்து வாசலில் கிடைக்கும் ஆலோசனையை, அது நாம் சொன்னதாக இருந்தாலும், நம்பி இதில் இறங்க வேண்டாம். குடிவரவுச் சட்டம் தெரிந்த, பதிவுபெற்ற ஒருவரிடம் போங்கள். 1992-ஆம் ஆண்டுப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் குடிவரவுத் தீர்மானங்களுக்குப் பொருந்தாது என்பது இந்நாட்டின் மீது எமக்குள்ள ஒரு மனக்குறை. அதை மாற்றச் சொல்லிப் பாராளுமன்ற உறுப்பினருக்கு எழுதும் உரிமை வாக்குள்ள எம் ஒவ்வொருவருக்கும் இருக்கிறது.

"எமக்குப் பிறகு இவனை யார் பார்ப்பது?" என்று வயதான பெற்றோர் கேட்கும் கேள்விக்கு ஒரு பிரசங்கத்தில் விடை சொல்ல முடியாது. அதற்கென ஒரு நாள் ஒதுக்கிச் சட்டத்தரணியை அழைத்து, விசேட அறக்கட்டளை, பாதுகாவலர் நியமனம் முதலியவற்றை விளக்கச் செய்ய எண்ணியிருக்கிறோம்.

கோயிலுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பவர்கள் யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலைப் பாருங்கள். தெல்லிப்பழை துர்க்கை அம்மன் கோயிலைத் தலைமையேற்று நடத்தும் சைவப் பேச்சாளர் ஆறு. திருமுருகன் அவர்கள், போர் தின்ற மண்ணிலே சிவபூமி என்ற பெயரில் இத்தகைய பிள்ளைகளுக்கென ஒரு பாடசாலை தொடங்கி நடத்திவருகிறார். தேவாரம் சொல்லும் வாயும் இப்பிள்ளைகளின் கை பிடிக்கும் கையும் அங்கே ஒருவருடையவையே. எம்மவர் பலர் அதற்குப் பணம் அனுப்புகிறார்கள், நல்லது. அங்கே ரசீது பெற்றுக்கொண்டு, இங்கே அடுத்த கதிரைப் பிள்ளையைப் பார்த்து முகம் சுளிக்கிறோம்.

சங்கக் குழுவில் பேசி, வரும் கார்த்திகை வழிபாடு முதல் சில மாற்றங்கள் செய்திருக்கிறோம். மண்டபம் வழமைக்கு ஒரு மணி நேரம் முன்னதாக, மாலை ஐந்து மணிக்குத் திறக்கும். அந்த நேரத்தில் மணியும் ஒலிபெருக்கியும் இராது. சாம்பிராணி இராது. தீபம் காட்டப்படும். பிள்ளை நடக்கலாம், ஓடலாம், குரல் எழுப்பலாம். பிரசாதம் அவர்களுக்கு முதலில். பக்கத்து அறையில் பாய் விரித்திருக்கும். வேண்டியபோது அங்கே போய் வரலாம். இளைஞர் இருவர் பெற்றோர் பத்து நிமிடம் அமைதியாகக் கும்பிடும்வரை துணை நிற்பார்கள். இந்த நேரத்துக்கு வர எவரும் நோயின் பெயர் சொல்லவேண்டியதில்லை.

அந்த அம்மாவை மறுபடியும் அழைத்தோம். அன்று நாம் வாய்மூடி நின்றதற்கு மன்னிப்புக் கேட்டோம். வருவதாகவும் சொல்லவில்லை, வரமாட்டேன் என்றும் சொல்லவில்லை. "அவனுக்கு மயில் படம் விருப்பம், மேடைக்குப் பக்கத்தில் இருந்ததே, அது இருக்குமா?" என்று மட்டும் கேட்டார். அந்தப் படத்தைப் பிள்ளையின் கண்மட்டத்துக்கு இறக்கி மாட்டியிருக்கிறோம்.