ப்ளஸ் வார்த்தை, மைனஸ் வார்த்தை

நான் ஜிஆர்இ தேர்வுக்குப் படித்தது 2010இல். அப்போது ஆங்கிலப் பகுதியில் எதிர்ச்சொல் கேள்விகள் இருந்தன. ஒரு வார்த்தை, கீழே ஐந்து விடைகள். கணக்குப் பகுதியைக் கண்ணை மூடிக்கொண்டு போடுகிற இன்ஜினியரிங் பசங்களுக்கு இதுதான் பூச்சாண்டி. பாரன்ஸ் புத்தகத்தின் 3,500 வார்த்தைப் பட்டியலை வைத்துக்கொண்டு ராத்திரியெல்லாம் முனகிக்கொண்டிருப்போம்.

கோச்சிங்கில் ஒரு உத்தி சொல்லிக்கொடுத்தார்கள். அர்த்தம் மறந்துபோனால் பரவாயில்லை, நல்ல வார்த்தையா கெட்ட வார்த்தையா என்பது ஞாபகம் இருந்தால் போதும். (நாம் நினைக்கிற கெட்ட வார்த்தை இல்லை.) ஒவ்வொரு அட்டையின் ஓரத்திலும் ப்ளஸ் அல்லது மைனஸ் போட்டுக்கொள்ள வேண்டும். கேட்ட வார்த்தை மைனஸ் என்றால் விடை ப்ளஸ். மற்ற மைனஸ்களை அடித்துவிடலாம். 'ஃப்ரூகல்' ப்ளஸ். 'பார்சிமோனியஸ்' மைனஸ், பார்சலுக்கும் மணி கணக்குப் பார்க்கிறவன் என்று ஞாபகம் வைத்திருந்தேன். 2011 ஆகஸ்டில் எதிர்ச்சொற்களை எடுத்துவிட்டு, கோடிட்ட இடத்தை நிரப்பும் கேள்விகளைப் பெருக்கினார்கள். உத்தி அங்கேயும் வேலை செய்கிறது.

இதை மனப்பாடம் என்று பழிப்பவர்களோடு நான் சேரமாட்டேன். நம் திண்ணைப் பள்ளிகளில் சூடாமணி நிகண்டை அப்படித்தான் உருப்போட்டார்கள். முதலில் சொல் வாயில் தங்கும், பிறகு என்றைக்கோ ஒரு பாட்டில் அது திறக்கும். என் உறுத்தல் ஓரத்தில் போட்ட அந்தக் குறியில்தான்.

ஒருவர் பணத்தைச் செலவழிக்கவில்லை. அது சிக்கனமா, கஞ்சத்தனமா? தேவைக்குச் செலவழித்தால் சிக்கனம், தேவைக்கும் செலவழிக்காவிட்டால் கஞ்சத்தனம், வித்தியாசம் செயலில்தானே இருக்கிறது என்பீர்கள். சரி. எது தேவை என்று யார் சொல்வது?

அம்மா கல்யாணங்களுக்கு 101 ரூபாய்தான் மொய் எழுதுவாள், மற்றவர்கள் 501 எழுதும்போதும். சித்தி வீட்டுக் கல்யாணத்திலும் 101தான். "உங்கம்மா எச்சக் கையால காக்கா ஓட்டமாட்டா" என்று சித்தி என்னிடமே சொல்லியிருக்கிறாள். அப்பாவுக்கு அதே அம்மா சிக்கனத்துக்கு உதாரணம். அப்படி மிச்சம் பிடித்துக் கட்டிய சீட்டுப் பணத்தில்தான் என் தேர்வுக் கட்டணம் போனது. ஆகவே இந்த வழக்கில் நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. சொந்த லாபநட்டம் இல்லாதவன் என்பதற்கு அந்தப் பட்டியலிலேயே ஒரு வார்த்தை உண்டு: 'டிஸ்இன்ட்ரஸ்டட்'. ப்ளஸ் வார்த்தை. எனக்குப் பொருந்தாது.

பிறகு ஒரு புள்ளியியல் வகுப்பில் பேராசிரியர் ஒரு மாடலைப் 'பார்சிமோனியஸ்' என்று பாராட்டினார். குறைந்த மாறிகளை வைத்துக்கொண்டு தரவை நன்றாக விளக்கிவிடுகிறது என்ற பொருளில். என் மூளை மைனஸ் என்று கத்தியது. அந்தத் துறையில் அது பெரிய புகழ்ச்சி. அங்கே கஞ்சத்தனத்துக்கு அளவும் உண்டு. தேவையான மாறியை விட்டுவிட்டால் பிழை ஏறும், எண்ணாகவே தெரியும். அம்மா மிச்சம் பிடித்ததில் பிழை யார் தலையில் ஏறியது? சித்தி தலையில். நாலு பேர் பார்க்க மொய் நோட்டில் அக்கா பெயருக்கு நேரே 101 என்று எழுதியதில் அவளுக்கு ஏற்பட்ட குறுக்கம் எந்தக் கணக்கிலும் வராது, அந்தக் காக்கா வசையைத் தவிர.

அதனால்தான் குறியே இல்லாத சொற்களால் பேசிவிடலாம் என்கிற யோசனையும் எனக்கு ஒப்பவில்லை. 'குறைவாகச் செலவிடுபவர்' என்று எல்லாரும் நாகரிகமாகச் சொல்லிக்கொண்டால் சித்தியின் வாயை அடைத்தது போலாகும். மைனஸ் ஒரு சேதி. சொல்கிறவருக்கு எங்கே வலித்தது என்பது அதில் இருக்கிறது. தேர்வு அட்டையில் குறி மட்டும் இருந்தது, சொல்கிறவர் இல்லை. ஆள் இல்லாத தீர்ப்புகளை 3,500 வரை சேர்த்து வைத்துக்கொள்வது பரீட்சைக்குச் சரி. அதே பழக்கத்தோடு மனிதர்களைப் பற்றி எழுத உட்காரும்போதுதான் ஆபத்து.

நான் இப்போது அப்படி எழுதுகிற இடத்தில்தான் இருக்கிறேன். வருஷக் கடைசியில் டீமில் உள்ளவர்களைப் பற்றி மற்றவர்கள் எழுதித் தருவதைத் தொகுத்து மதிப்பீடு போட வேண்டும். சம்பள உயர்வு அதை ஒட்டித்தான். மீட்டிங்கில் குறுக்கிட்டுப் பேசுகிற இரண்டு பேர் உண்டு. ஒருவனுக்கு 'அசர்ட்டிவ்' என்று வந்தது, ஒருத்திக்கு 'அப்ரேசிவ்'. முதலாவது ப்ளஸ், இரண்டாவது மைனஸ். அட்டை இல்லாமலே தெரிகிறது. அவள் குறுக்கிட்டதில் யாருக்காவது உண்மையிலேயே வலித்திருக்கலாம், அதை நான் அழிக்கக் கூடாது. எந்த மீட்டிங்கில், என்ன பேசியபோது, யாருக்கு அப்படித் தோன்றியது என்று இரண்டுக்குமே கேட்டு அனுப்பினேன். அசர்ட்டிவுக்கு அன்றைக்கே மூன்று உதாரணங்கள் வந்துவிட்டன. இன்னொன்றுக்கு இரண்டு வாரமாகக் காத்திருக்கிறேன்.