அர்ச்சுனனின் நடுக்கமும் தீபாவளி வெடியும்

தீபாவளி நெருங்க நெருங்க ஊரே துணிக்கடையில் நிற்கும்போது சிலருக்கு மட்டும் வயிற்றைப் பிசையத் தொடங்கிவிடும். அவர்களுக்கு வெடிச்சத்தம் ஆகாது. அன்றைக்குக் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு, ஜன்னலைச் சாத்திவிட்டு, உள்ளறையில் உட்கார்ந்திருப்பார்கள். வீட்டார் சிரிப்பார்கள், வேடிக்கைக்காக முதுகுக்குப் பின்னால் ஒரு லட்சுமி வெடியைக் கொளுத்திப் போடுகிற மச்சான்களும் உண்டு. இன்னும் சிலர் ஒருபடி மேலே போய், தெய்வ நம்பிக்கை உள்ளவனுக்குப் பயம் வருமா என்று கேட்டு, அவர்களுடைய பக்தியையே எடை போட்டுவிடுகிறார்கள். இந்தக் கேள்வியைத்தான் இன்று விசாரிக்க வேண்டும்.

கீதையின் முதல் அத்தியாயத்தில் அர்ச்சுனன் தன் நிலையைத் தானே சொல்கிறான். அங்கங்கள் தளர்கின்றன, வாய் உலர்கிறது, உடம்பு நடுங்குகிறது, மயிர் கூச்செறிகிறது, காண்டீவம் கையைவிட்டு நழுவுகிறது, தோல் எரிகிறது, நிற்க முடியவில்லை, மனம் சுழல்கிறது. பயத்தால் துடிக்கிற ஒருவர் இன்றைக்கு மனநல மருத்துவரிடம் போய்ச் சொல்வதும் ஏறக்குறைய இதுதான். அவனுக்கு வந்தது சாவு பயமல்ல, சுற்றத்தாரைக் கொல்ல நேருமே என்ற துக்கம் என்பார்கள் பெரியவர்கள். சரிதான், ஆனால் நடுங்குகிற உடம்புக்கு அந்த வேறுபாடு தெரியாது. பகவானே தேரோட்டியாக முன்னால் உட்கார்ந்திருந்தும் வந்த நடுக்கம் அது. அதைப் பக்திக் குறைவு என்று எந்த வாயால் சொல்வது?

கண்ணன் அவனைப் பேடித்தனம் என்று கண்டித்தானே, நாமும் கண்டித்தால் என்ன என்று கேட்கலாம். கண்டித்தது உண்மை. பலன் என்ன ஆயிற்று? அர்ச்சுனன் எதிர்வாதம் செய்தான், கலங்கினான், சரணம் என்றான், கடைசியில் போர் செய்யமாட்டேன் என்று சொல்லி மௌனமாகிவிட்டான். அவதார புருஷனின் அதட்டலுக்கே வில் கைக்கு வரவில்லை. மச்சானின் கேலிக்கு வருமா? அதன் பிறகுதான் பகவான் புன்முறுவலோடு உபதேசத்தைத் தொடங்கினான். பதினெட்டாம் அத்தியாயம் வரை பொறுமையாகச் சொன்னான். நடுவில் விஸ்வரூபம் கண்டு அவன் அஞ்சியபோது, பழைய சௌம்ய வடிவத்துக்குத் திரும்பித் தேற்றினான். தாங்கமுடியாததைக் குறைத்துக் கொடுப்பது பலவீனத்துக்கு இடம் கொடுப்பதாகாது.

அப்படியானால் ஒவ்வொரு வருஷமும் உள்ளறையிலேயே இருந்துவிடலாமா என்றால், அதுவும் கூடாது. ஒதுங்கினால் அந்த நேரத்துக்கு நிம்மதி. ஆனால் ஓடியதால்தான் பிழைத்தோம் என்று மனம் பாடம் படித்துக்கொள்ளும், அடுத்த வருஷம் பயம் இன்னும் பெரிதாக வரும். காற்றைப்போல் அடங்காத மனத்தை அப்பியாசத்தாலும் வைராக்கியத்தாலும் வசப்படுத்தலாம் என்கிறது ஆறாம் அத்தியாயம். மெல்ல மெல்ல என்றும் சொல்கிறது. 1924இல் அமெரிக்க உளவியலாளர் மேரி கவர் ஜோன்ஸ் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல சாட்சி. முயலைக் கண்டால் அஞ்சும் பீட்டர் என்ற சிறுவன், பிடித்ததைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, கூண்டிலிருந்த முயலைக் கொஞ்சம் கொஞ்சமாக அருகே கொண்டுவந்தார்கள். முடிவில் அவன் அதைத் தடவிக்கொடுத்தான். நம்மவர்களும் ஒரு மாதம் முன்பே கைபேசியில் வெடிச்சத்தத்தை மிகத் தாழ்வாக வைத்துக் கேட்கலாம். படபடப்பு தானே தணியும்வரை அந்த அளவிலேயே இருக்க வேண்டும். பழகிய பின்புதான் சத்தத்தைக் கூட்ட வேண்டும். பிறகு கம்பி மத்தாப்பு, பிறகு மாடியிலிருந்து தெருவைப் பார்ப்பது. அடுத்த படிக்கு எப்போது போவது என்பதைப் பயப்படுகிறவரே தீர்மானிக்கட்டும். மூச்சே முட்டுகிறது, தூக்கம் போய்விட்டது என்றால் மனநல மருத்துவரிடம் போகவேண்டும். ஜபமும் நடக்கட்டும், மருந்தும் நடக்கட்டும்.

வைராக்கியம், அதாவது பற்றை விடுவது, என்றது வீட்டாருக்கும் சேர்த்துத்தான். பண்டிகைக் காலத்து மனப்பாரத்தில் பாதி, பிறர் பார்க்கவேண்டும் என்று செய்வதால் வருவது. வெடி வெடித்தால்தான் தீபாவளி என்பதும் அந்தக் கணக்கில் சேர்ந்ததுதான். வெடிமருந்து இந்த நாட்டுக்கு வருமுன்பே தீபம் இருந்தது. சிவகாசியில் பட்டாசுத் தொழில் வேரூன்றியதே போன நூற்றாண்டில். சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடிப் பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டியில், பறவைகள் மிரளும் என்பதற்காகவே மக்கள் பட்டாசு வெடிப்பதில்லை. அவ்வளவு முடியாது என்பவர்களுக்கு அரசாங்கமே வழி வைத்திருக்கிறது. பட்டாசு வெடிக்கும் நேரத்தை வரையறுத்த 2018 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் தமிழ்நாட்டில் காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று நேரம் குறித்தார்கள். அந்த நேரத்தை மீறாமல், கொளுத்துவதற்கு முன் உள்ளறையில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுக் கொளுத்தலாமே. எப்போது வெடிக்குமோ என்ற எதிர்பார்ப்புதான் வெடியைவிட அவரை அதிகம் வாட்டுகிறது.