ஒஸ்தியாத் துறைமுகத்தில் ஒரு தாயின் கல்லறை



உரோமாபுரிக்கு யாத்திரை செல்வோரிற் பலர் புனித இராயப்பர் பேராலயத்தைத் தரிசித்த நிறைவோடு திரும்பிவிடுவர். சிலர் மட்டும் இன்னும் இரண்டு நாட்கள் தங்கி, தொல்பொருள் ஆய்வில் தேர்ந்த வழிகாட்டி ஒருவரோடு பழைய கரையோரத் துறைமுகங்களைப் பார்க்கச் செல்வர். அந்த இரண்டு நாள் வழியில் இன்று நாமும் மனத்தால் நடந்து செல்வோம்.

முதல் நாள், தைபர் ஆற்றின் வடபுறம். கிளவுதியு மன்னன் கி.பி. 42 இல் இங்கே பெருந்துறைமுகம் ஒன்றைக் கட்டத் தொடங்கினான். பின்பு திராயான் மன்னன் அதனருகே அறுகோண வடிவில் வேறொரு துறையை வெட்டுவித்தான். அதன் ஒவ்வொரு பக்கமும் ஏறக்குறைய 350 மீற்றர் நீளம். எகிப்திலிருந்தும் ஆபிரிக்காவிலிருந்தும் வந்த தானியம் இவ்வழியாகவே தலைநகரின் பசியைத் தீர்த்தது. இன்று அது மரங்கள் சூழ்ந்த அமைதியான குளம். கப்பல்கள் இல்லை, அருகிலுள்ள விமான நிலையத்தின் இரைச்சல் மட்டுமே கேட்கிறது.

அங்கிருந்து சற்றுத் தெற்கே துறைமுகத்து மக்களின் சேமக்காலை. வசதி படைத்தோர் வீடு போன்ற கல்லறைகளைத் தங்களுக்கும் தங்கள் சந்ததிக்கும் கட்டி, அளவையும் உரிமையையும் வாசற் கல்லிலே பொறித்து வைத்தார்கள். மருத்துவிச்சி ஒருத்தி பிரசவம் பார்க்கும் காட்சியும் அங்கே சுடுமண்ணிற் செதுக்கப்பட்டிருக்கிறது. ஏழைகளின் புதைகுழிக்கோ மண்ணிற் பாதி புதைத்த ஒரு சாடியே அடையாளம். தங்களை யாராவது நினைக்கவேண்டும் என்ற ஏக்கம் இருவருக்கும் ஒன்றே.

இரண்டாம் நாள் ஒஸ்தியா நகரம். தெருக்களும் களஞ்சியங்களும் நாடக அரங்கும் செங்கற் சுவர்களாக நிற்கின்றன. வணிகர் சதுக்கத்தின் தரையிலே கப்பல்களும் கலங்கரை விளக்கமும் ஒரு யானையுங்கூடச் சிறு கற்களாற் பதிக்கப்பட்டுள்ளன. ஆறு சுமந்து வந்த மண்ணினால் கடலே மூன்று கிலோமீற்றர் அளவுக்கு விலகிப் போய்விட்டது.

இந்த நகரிலேதான் கி.பி. 387 இல் புனித மொனிக்கா தம் மகன் அகுஸ்தீனோடு ஆபிரிக்காவுக்குக் கப்பலேறக் காத்திருந்தார். அவ்வாண்டு உயிர்ப்புத் திருநாளிலேதான் மகன் மிலான் நகரில் ஞானஸ்நானம் பெற்றிருந்தான். பல்லாண்டுக் கண்ணீருக்குப் பலன் கிடைத்துவிட்டது. ஒரு நாள் இருவரும் யன்னலோரம் நின்று, தோட்டத்தைப் பார்த்தபடி நித்திய வாழ்வைப் பற்றி உரையாடினார்கள். சில நாட்களுக்குள் தாய் காய்ச்சலில் விழுந்தார். ஒன்பதாம் நாள், தம் 56 ஆவது வயதில் இறைவனடி சேர்ந்தார்.

தகாஸ்தே ஊரில், கணவர் பத்திரீசியு அருகே தமக்கும் ஓர் இடத்தை அவர் நெடுநாளாக ஆயத்தப்படுத்தி வைத்திருந்தார். ஆனால் அந்நிய மண்ணில் மரிக்க வேண்டுமோ என்று மற்ற மகன் கலங்கியபோது, உடலை எங்கும் அடக்கலாம், அதைப் பற்றிக் கவலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். கேட்டது ஒன்றே: எங்கிருந்தாலும் ஆண்டவருடைய பீடத்திலே தம்மை நினைக்க வேண்டும். கடவுளுக்குத் தூரம் என்று ஒன்றில்லை. உலக முடிவில் தம்மை எங்கிருந்து எழுப்புவதென்று அவர் அறிவார் என்பதே அத்தாயின் விசுவாசம்.

1945 இல் ஒஸ்தியாவின் புனித அவுரேயா ஆலயத்தின் அருகே, விளையாட்டுக்குக் கம்பம் நடக் குழி தோண்டிய இரண்டு சிறுவர்கள் உடைந்த சலவைக்கல் ஒன்றைக் கண்டெடுத்தார்கள். அது மொனிக்காவின் கல்லறை வாசகத்தின் ஒரு துண்டு. அவருடைய எலும்புகளோ 1430 இலேயே உரோமைக்குக் கொண்டுசெல்லப்பட்டுவிட்டன. கல் உடைந்தது, உடல் இடம் மாறியது; அவர் கேட்ட நினைவு மட்டும் நின்றுபோகவில்லை. தம் நூலை வாசிக்கும் யாவரும் தம் தாயையும் தந்தையையும் பலிபீடத்தில் நினைக்கவேண்டுமென்று அகுஸ்தீனார் மன்றாடியிருக்கிறார்.

நம் குடும்பங்களிலும் பிள்ளைகள் கடல் கடந்து வாழ்கிறார்கள். பெற்றோரை ஊரிலே அடக்கம் செய்ய வர இயலாத பிள்ளைகள் உண்டு. பிறந்த மண்ணைக் காணாமலே அந்நிய நாட்டிற் கண்மூடிய பெற்றோரும் உண்டு. அந்தத் துயரம் உண்மையானது. அதை இலேசாக எண்ணவேண்டாம். ஆயினும் அது குற்ற உணர்வாக மாற வேண்டியதில்லை. பளிங்குக் கல் நாட்டியதோடு கடமை முடிந்ததென்று ஊரில் இருப்பவர் எண்ணவும் வேண்டாம்.

ஆகஸ்ட் 27 இல் புனித மொனிக்காவையும், மறுநாள் அவர் மகனையும் திருச்சபை கொண்டாடுகிறது. அந்நாட்களில் குடும்பமாகத் திருப்பலிக்குச் செல்லுங்கள். உங்கள் மரித்தோரின் பெயர்களைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். தூரத்திலுள்ள பிள்ளைகளும் அதே நாளில் தாங்கள் இருக்கும் இடத்தில் அதே பெயர்களை ஒப்புக்கொடுக்கட்டும். ஒரே பீடத்தைச் சுற்றி நிற்போருக்குள் தூரம் இல்லை.